சுண்டிய பாலும் திரண்ட பாலும்

விடியற்காலையில் பனமரத்துப்பட்டிப் பக்கம் போகிறவர்கள் இரண்டு விதமான சுமைகளைப் பார்க்கலாம். ஒன்று, சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போகும் அரளி மூட்டை. இன்னொன்று, சொசைட்டிக்குப் போகும் பால் கேன். பூவுக்கு அன்றைய சந்தை விலை வைக்கும். பாலுக்குக் கொழுப்பும் இதர சத்தும் விலை வைக்கும். இந்த வட்டாரத்தில் பாலின் தரம் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் விழும் சொல் ‘டிகிரி’. லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் படிக்கும் அந்த எண் இறங்கினால் அந்த வீட்டுக்காரம்மாவின் முகமும் இறங்கும்.

அடுப்படியின் டிகிரி வேறு. பாலை இனிப்பாக்குகிறவளுக்குச் சொசைட்டி எண் பாதி உதவிதான் செய்யும். மீதியைச் சட்டியின் ஓரத்தில் படியும் ஏடும், கரண்டியிலிருந்து விழும் வேகமும் சொல்லும். தமிழ்நாட்டுப் பால் இனிப்புகளைப் பரம்பரை பரம்பரையாகப் பிரித்துப் பார்த்தால், பாலில் உள்ள தண்ணீரை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே பிரிகிறது.

முதல் பரம்பரை தண்ணீரை ஆவியாக்கி விரட்டுவது. திரட்டுப்பாலும் பால்கோவாவும் இதில் சேரும். திரட்டுப்பால் என்பது சுத்தமான தமிழ்ப் பெயர், திரண்டதால் திரட்டு. பால்கோவாவோ பாதி தமிழ், பாதி வடநாடு. கோவா என்றாலே சுண்டிய பால்தான். அதற்கு முன்னால் இன்னொரு பாலைச் சேர்த்துக்கொண்டோம். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர், எருமைப் பாலில் 83 பங்கு. ஆகவே ஒரு லிட்டர் பசும்பாலைச் சர்க்கரை சேர்க்காமல் சுண்டினால் 170 முதல் 190 கிராம் கோவா கிடைக்கும்; எருமைப் பால் என்றால் 200 கிராமுக்கு மேல். இதைவிட அதிகமாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒன்று தண்ணீர் முழுக்கப் போகவில்லை, அல்லது பாலில் இல்லாதது எதுவோ உள்ளே இருக்கிறது.

பாக்கெட் பாலில் செய்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், இதர சத்து 8.5. ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6, 9. ஆக ஒரு லிட்டர் நீலத்தில் திடப்பொருள் சுமார் 115 கிராம், ஆரஞ்சில் 150 கிராம். நீலத்தில் செய்துவிட்டு “எங்கம்மா செய்த மாதிரி வரவில்லை” என்று வருந்துகிறவர்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அம்மா காலத்தில் தொழுவத்தில் எருமை நின்றது. இப்போது பெரும்பாலும் ஜெர்சிக் கலப்புப் பசு நிற்கிறது.

இந்தப் பரம்பரையின் கொடி பறப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பது அங்கே பள்ளிப் பாடம் மாதிரி. ஏலக்காய்கூட அதிகப்பிரசங்கித்தனம். விறகடுப்பு, அகன்ற இரும்புச் சட்டி, நிறுத்தாமல் ஓட்டும் நீண்ட துடுப்பு. பாலிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து நிறம் மாறுவதால்தான் அந்த இளம்பழுப்பு, சாயத்தால் வருவதன்று. கர்நாடகத்தின் தார்வாட் பேடா இதே வழியில் இன்னும் ஒரு படி மேலே போய், கோவாவை வறுத்துக் கருக்கிவிடும்.

கல்யாண வீட்டுத் திரட்டுப்பால் வேறு கிளை. சீர்த்தட்டில் வைக்கும் திரட்டுப்பாலில் வெல்லம் போடும் வீடு உண்டு, சர்க்கரை போடும் வீடு உண்டு. பாசிப்பருப்பும் தேங்காயும் அரைத்துச் சேர்க்கும் வீடும் உண்டு. ஒரு வீட்டார் செய்ததை இன்னொரு வீட்டார் திரட்டுப்பால் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மணல் மணலாக இருக்க வேண்டும் என்பவர்கள் பால் பாதி சுண்டும்போது ஒரு கரண்டி தயிரையோ சில சொட்டு எலுமிச்சையையோ விடுவார்கள். வழவழப்புக் கட்சிக்காரர்களுக்கு அது திரிந்த பால். இரண்டு பேருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: இனிப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முன்னதாகப் போட்டால் பால் சுண்டும் முன்பே அடிபிடிக்கும். பால் பொங்காமலிருக்கச் சட்டிக்குள் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துப் போடுவதும் பழைய யுக்திதான். தட்டு கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் ஓடிவந்து கிளற வேண்டும்.

வங்காளத்தார் பரம்பரை இதற்கு நேர் எதிர். பாலைப் புளிப்பு விட்டுத் திரித்து, தண்ணீரை வடித்துவிட்டு, மிஞ்சும் சேனாவை உருட்டுவார்கள். கல்கத்தாவில் நொபின் சந்திர தாஸ் 1868இல் ரசகுல்லா செய்தார் என்பது அவர்கள் கட்சி. பூரி ஜகந்நாதருக்கு அதற்கும் முன்பிருந்தே படைக்கிறோம் என்பது ஒடிசாவின் கட்சி. 2017இல் வங்காளத்துக்கும் 2019இல் ஒடிசாவுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு கொடுத்து வழக்கை முடித்தார்கள். பாலைத் திரிப்பது அபசகுனம் என்று நினைத்த தென்னாட்டு வீடுகளில் இந்த முறை வேர்பிடிக்கவில்லை. ரசகுல்லா இங்கே இன்னமும் கடைச் சரக்குதான்.

மூன்றாவது வழி, தண்ணீரை விரட்டாமல் தானியத்தைக் குடிக்க வைப்பது. மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லிக்கு வைணவ வீடுகளில் செய்யும் அக்காரவடிசில் இதில் தலைமை. அழகர்கோவில் பெருமாளுக்கு நூறு பாத்திரம் படைப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டார், அதைப் பின்னாளில் ராமானுஜர் நிறைவேற்றினார் என்று வைணவ மரபு சொல்கிறது. ஒரு பங்கு அரிசிக்கு ஐந்தாறு பங்கு பாலாவது இல்லையென்றால் அது சர்க்கரைப் பொங்கலுக்குச் சொந்தமாகிவிடும்.

சேலம் சமவெளி தன் பங்கைச் சேர்ப்பது இந்த மூன்றாவது வழியில். அரிசிக்குப் பதில் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு வரத்து நின்றபோது, 1943 வாக்கில், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழிலை இங்கே தொடங்கினார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாயசத்துக்கு நைலான் ஜவ்வரிசி, வடகத்துக்கு மாவு ஜவ்வரிசி என்பது இங்கே மளிகைக்கடைப் பையனுக்கும் தெரியும். முதலில் தண்ணீரில் கண்ணாடியாகும் வரை வேகவிட்டு, பிறகுதான் பால். பாலிலேயே வேகவைத்தால் வெளியே கூழாகி நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

அக்கம்பக்கத்து ஊர்களை எண்ணிப் பாருங்கள். நெய்யென்றால் ராசிபுரம். வெல்லமென்றால் பரமத்திவேலூர்ப் பக்கத்துப் பிலிக்கல்பாளையம் சந்தை, சேலம் செவ்வாய்ப்பேட்டை ஏலம். பாயசத்துக்கு வேண்டிய சாமான் அத்தனையும் பஸ் தூரத்துக்குள். இருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி ஊர்ப்பெயர் போட்டு விற்கும் பால் இனிப்பு ஒன்று இந்தப் பகுதியில் உருவாகவில்லை. சாமானை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, பலகாரத்தை வீட்டோடு வைத்துக்கொண்ட ஊர்கள் இவை. இதில் வருத்தப்பட எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெல்லம் போட்ட பால் பாயசம் திரிந்துபோவதுதான் இங்குள்ள அடுக்களைகளின் நிரந்தர வழக்கு. வெல்லத்தில் உள்ள லேசான புளிப்பும் உப்புகளும் கொதிக்கும் பாலைச் சும்மா விடுவதில்லை. அடுப்பை அணைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, வடிகட்டிய வெல்லக் கரைசலை ஊற்றினால் பிழைக்கலாம். அவசரக்காரர்கள் சர்க்கரையோடு நின்றுகொள்வது நல்லது.

தரம் பார்ப்பதிலும் இந்த மண்ணுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. கோவாவின் உலர்ந்த எடையில் பால் கொழுப்பு 30 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கடைக்கோவாவில் எடை கூட்டச் சேர்க்கும் கலப்படங்களில் ஒன்று மாவுச்சத்து. ஜவ்வரிசியும் மாவுச்சத்துதான். பாயசத்தில் கௌரவமாக மிதப்பது கோவாவுக்குள் ஒளிந்தால் குற்றம். வீட்டிலேயே பிடிக்கலாம்: சிறிது கோவாவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு இரண்டு மூன்று சொட்டு டிங்சர் அயோடின் விட வேண்டும். நீலமானால் மாவு.

கடைசியாக, எந்தக் கடையும் விற்காத பரம்பரை. தண்ணீரை ஆவியாக்கவும் வேண்டாம், வடிக்கவும் வேண்டாம். பால் தானே உறைந்துகொள்ளும். அதுதான் சீம்பால். தெற்கே சில ஊர்களில் கடும்புப்பால் என்பார்கள். கன்று போட்ட மாட்டின் முதல் கறவையில் புரதம் மட்டும் 14 சதவீதம் வரை இருக்கும். சாதாரணப் பாலில் மூன்று சொச்சம். கன்றுக்கு நோய் எதிர்ப்பு தரும் அந்தப் புரதங்கள்தான் சூடு பட்டதும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இறுகுகின்றன. சொசைட்டியில் இதை வாங்க மாட்டார்கள். கலந்தால் காய்ச்சும்போது கேன் பால் திரிந்துபோகக்கூடும்.

செய்முறையில் வீட்டுக்கு வீடு சண்டை இல்லாத ஒரே இனிப்பு இதுவாகத்தான் இருக்கும். முதல் கறவை என்றால் அதே அளவு சாதாரணப் பால் சேர்த்து, பொடித்த வெல்லம், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு போட்டுக் கரைத்து வடிகட்டி, போசிப் பாத்திரத்தில் ஊற்றி மூடி, இட்லிச் சட்டிக்குள் வைத்து ஆவியில் வேகவிட வேண்டும். கத்தியை விட்டு எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும். இரண்டாம் நாள் பாலுக்குத் துணைப் பால் தேவைப்படாது. மூன்றாம் நாள் பால் உறைய மறுக்கும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. வெல்லம் போட்டால் திரியுமே என்ற பயம் இதில் இல்லை, திரள்வதுதானே வேலை.

சீம்பாலைக் காசுக்கு விற்கக் கூடாது என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். துண்டு போட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அதனால்தான் இதற்குக் கடை இல்லை, பெட்டி இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. நெருப்பில் நின்று சுண்டியெடுத்த எதற்கும் இல்லாத மென்மை இதற்கு உண்டு. ருசியில் இதுவே முதல் இடம் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொன்னால், மறுக்க ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார்.

சட்டி ஏற்றும் முன் கன்றின் கணக்கை முடித்துவிட வேண்டும். பிறந்த சில மணி நேரத்துக்குள் கன்று தன் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் குடித்தாக வேண்டும் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அது போக மிஞ்சியதுதான் போசிக்கு.