கரடா, காடா? : ஓர் ஒத்திச் சீட்டின் வாசிப்பு

எழுத்து என்பது படிக்கப்படுவதற்காகவே எழுதப்படுகிறது என்று நம்புகிறவர்கள் ஒருமுறையாவது பழைய பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். எழுதிக் கொடுத்தவனுக்குப் படிக்கத் தெரியாது. எழுதியவனுக்கு அது தெரியும். அந்த இடைவெளியில்தான் பத்திரம் உயிர்வாழ்கிறது.

தருமபுரிக்கு மேலே வத்தல்மலையில், மலையாளிக் குடும்பம் ஒன்றில், தகரப்பெட்டிக்குள் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த ஓர் ஒத்திச் சீட்டைப் படித்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். 'தமிழ் எம்.ஏ. படிச்சவரு' என்பதுதான் எனக்கிருந்த தகுதி. பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். காட்டுக்கு உரிமை கேட்டு மனுப்போட வேண்டும். இரண்டுக்கும் இந்த ஒரே காகிதம். ஏற்கெனவே யாரோ கூலிக்குத் தட்டச்சு செய்து கொடுத்திருந்த நகல் ஒரு அலுவலகத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. காரணம் எழுத்தில் தரப்படவில்லை. வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள்: 'இதுல கவுண்டன்னுதான இருக்கு.'

மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடன் வாங்கியவர் அண்ணன், தம்பி இருவர். அண்ணன் பெயருக்குப் பின்னால் 'மலையாளி கவுண்டன்' என்று தெளிவாக இருக்கிறது. தம்பி பெயருக்குப் பின்னால் ஒரு சுழி, பிறகு 'கவுண்டன்'. தட்டச்சு செய்தவர் அந்தச் சுழியை எழுதுகிறவனின் கைச்சேட்டை என்று நினைத்து விட்டுவிட்டார். அது சேட்டையல்ல, ௸. 'மேற்படி' என்பதற்கான குறி. அதாவது தம்பியும் 'மேற்படி' மலையாளிதான். சான்றிதழ் கேட்கும் பையன் தம்பியின் வழி. ஒரு குறி விழுந்ததில் ஒரு சாதியே மாறிப்போயிற்று. கவுண்டர் என்ற பட்டம் கீழ்நாட்டில் கொங்கு வேளாளருக்கும் உண்டு, வன்னியருக்கும் உண்டு. மலையில் மலையாளிக்கும் உண்டு. அலுவலகக் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரிய அந்தச் சுழி ஒன்றே வழி. பழங்குடிச் சான்றிதழ் வழக்குகளில் அரசமைப்புச் சட்டத்துக்கு முந்திய ஆவணங்களுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்று உச்சநீதிமன்றம் 1994ல் மாதுரி பாட்டீல் வழக்கில் சொன்னது. ஆவணத்துக்கு மதிப்பு உண்டு, சரி. அதைப் படிக்கிற கண்ணுக்கு?

ஏன் படிக்க முடியவில்லை? 'பழசு, அதனால் புரியவில்லை' என்பது பொய்யான விடை. இது பல்லவர் கல்வெட்டு அல்ல. நம் தாத்தா காலத்துக் கை. ஆனால் அந்தக் கைக்கு ஒரு தொழில் இருந்தது: கணக்குப்பிள்ளைத் தொழில். புள்ளி வைக்காமல் எழுதுவது, எகர ஏகாரத்தைப் பிரிக்காமல் விடுவது, 'க' என்பது எழுத்தா, ஒன்று என்ற எண்ணா என்பதைச் சொல்லாமல் விடுவது, வருஷம், மாதம், தேதி எல்லாவற்றையும் ௵, ௴, ௳ என்று சுருக்குவது. இவை அவசரத்தின் அடையாளங்கள் மட்டுமல்ல, ஒரு கூட்டத்துக்குள் புழங்கும் குழூஉக்குறிகளும்கூட. பரம்பரைக் கர்ணம் பதவி 1980ல் ஒழிக்கப்பட்டது; ஒழிக்கப்பட வேண்டியதுதான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்குப் பழைய ணை, லை, னாகூடப் புதிராயின. அதிகாரம் போனது, அதிகாரம் எழுதிவைத்த காகிதம் மட்டும் நின்றுவிட்டது. இன்றும் அதே காகிதத்தைக் கொண்டுவா என்கிறது அரசு.

இனி என் தவறு. ஒத்திக்கு வைத்த நிலத்தின் பெயர் மூன்று எழுத்தில் முடிகிறது. முதலில் 'க', கடைசியில் 'டு'. நடுவில் ஒரு கால். அந்தக் காலத்து அவசரக் கையில் ரகரமும் காலும் ஒரே வடிவம். கீழே ஒரு சாய்கோடு இழுத்தால் ரகரம், இழுக்காவிட்டால் கால், இழுக்க மறந்தால் எதுவும். ஆக, 'கரடு' என்றும் படிக்கலாம், 'காடு' என்றும் படிக்கலாம். மலை, பாறை, மேடு என்று என் மனசில் ஒரு படம் இருந்தது. 'கரடு' என்று எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதைச் சத்தமாகப் படித்தபோது அடுப்படியிலிருந்து ஆயா வெளியே வந்தார்.

'கரட்ட எவன் சார் ஒத்தி வாங்குவான்? சாமையும் கேவுரும் வெளஞ்ச காடு அது.'

எம்.ஏ. வகுப்பில் இதற்குப் பெயர் பாடபேதம். இரண்டு பாடம் இருந்தால் பொருள் முடிபு எதில் இருக்கிறதோ அதைக் கொள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கடன் கொடுத்தவன் விளையாத பாறையை ஏன் ஒத்திக்குப் பிடிக்கப்போகிறான்? இந்த எளிய தர்க்கம் எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகாத ஆயாவுக்குத் தோன்றியது. ஏனென்றால் அவருக்கு அது சொல் அல்ல, நிலம்.

இந்த ஒரு சொல்லின்மேல் மூன்று அரசியல் வந்து உட்காருகின்றன. 'கரடு' என்று படித்தால் வருவாய்த்துறைக்கு அது விளையாத தரிசு, புறம்போக்கு. 'காடு' என்று படித்தால் வனத்துறைக்கு அது வனம். ஆனால் தருமபுரிப் பக்கத்துப் பேச்சில் காடு என்றால் உழுது விதைக்கிற புன்செய். 'காட்டு வேலைக்குப் போறேன்' என்றால் மரம் வெட்டப் போவதில்லை, களையெடுக்கப் போவது. வத்தல்மலை ஊர்ப் பெயர்களையே பாருங்கள்: ஒன்றியங்காடு, சின்னங்காடு, கொட்டலாங்காடு. குடியிருப்பின் பெயரிலேயே உழவு இருக்கிறது. அகராதித் தமிழ் அதை வனமாக்கி விடுகிறது. எழுத்தைச் சரியாகப் படித்தாலும் சொல்லைத் தவறாகப் படிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்தது காலம். தலைப்பகுதி செல்லரித்துப் போய், முத்திரை இல்லை. மிஞ்சியது 'சர்வதாரி ௵' மட்டும். அறுபதாண்டுச் சுழற்சியில் சர்வதாரி 1888லும் வரும், 1948லும் வரும். பெயரை வைத்து முடிவு செய்யலாம் என்றால் தாத்தா பெயர்தானே பேரனுக்கு. பேரன் என்பதே பெயரன். வருஷமும் திரும்பி வருகிறது, பெயரும் திரும்பி வருகிறது. சான்றிதழுக்கு இரண்டு வருஷமும் போதும். குடும்பத்துக்குப் போதாது, நிலத்தைக் கடனில் விட்டது கொள்ளுத்தாத்தாவா, தாத்தாவா என்பது அவர்கள் வீட்டில் இன்னும் ஆறாத சண்டை.

விடை பத்திரத்தின் அடியில் இருந்தது. இரண்டு பெருவிரல் ரேகைகள். ஜங்கிபூரில் ஹெர்ஷல் 1858லேயே கைப்பதிவு வாங்கத் தொடங்கினார் என்றாலும், கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் ஏற்பட்டதே 1897ல். 1888ல் சேலம் ஜில்லாவின் மலையொன்றில் எழுதிய சீட்டில் கீறலைத்தான் எதிர்பார்க்கலாம், ரேகையை அல்ல. ஆக, 1948. நாம் 'கைநாட்டு' என்று வசைச்சொல்லாக ஆக்கிவைத்திருக்கிறோமே, அந்தப் பக்கத்தில் ஐயத்துக்கு இடமில்லாமல் படிக்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

லெவிஸ்ட்ராஸ் நம்பிக்வாரா மக்களிடையே கண்டு 1955ல் எழுதிய 'எழுத்துப் பாடம்' நம் சூழலில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது: எழுத்தின் முதல் வேலை அடிமைப்படுத்துவது என்பது அவர் முடிபு. தெரிதா 1967ல் இதை மறுத்தார். எழுத்தில்லாத தூய மக்கள் என்ற கற்பனையே ஐரோப்பிய ஏக்கம் என்றார். வத்தல்மலைப் பெட்டியைத் திறந்தால் இருவரும் பாதி சரி. இந்தச் சீட்டு நிலத்தைப் பிடுங்கிய சீட்டுத்தான். ஆனால் இந்த மக்கள் எழுத்துக்கு வெளியே ஒருநாளும் இல்லை. எழுபது வருஷத்துக்கும் மேலாகப் படிக்கத் தெரியாமலே அதைக் கரையானிடமிருந்து காப்பாற்றி வந்தவர்கள். 'இத வெச்சுத்தான் காட்ட எழுதிக்கிட்டாங்க, இத வெச்சே திருப்பித் தருவாங்களா?' என்று ஆயா கேட்டார். என் கோட்பாட்டு நூல்களில் இதற்கு விடை இல்லை.

தமிழ் படித்தவர்களாகிய நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? உ.வே.சா. 1887ல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்ததிலிருந்து நமக்குச் சுவடி என்றால் காப்பியம். ஏடு தேடி அலைந்த கதைகளைப் புல்லரிக்கச் சொல்கிறோம். ஒத்தி, பாட்டம், பாகப்பிரிவினை ஆகியவை நமக்கு இலக்கியமில்லை, ஆகவே எழுத்துமில்லை. மறுபக்கம், இதே பத்திரங்களைக் கிளறிக் குலப்பெருமை நூல்கள் வழவழத் தாளில் வருகின்றன. அங்கே ஒவ்வொரு தெளிவற்ற எழுத்தும் ஒரு ராஜாவாக வாசிக்கப்படுகிறது. பட்டம் வேண்டியவனுக்கு மங்கலான எழுத்து வரம். பட்டா வேண்டியவனுக்கு அதுவே சாபம். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் வந்த கதையை மலையாளிகள் சொன்னபோது அது கதை. தர்ஸ்டன் 1909ல் அச்சேற்றியதும் அது ஆதாரம்.

செயல்பாட்டு நண்பர்களுக்கும் ஒரு சொல். 'விளிம்பின் குரல்' என்று ஆயாவின் பேச்சை மேற்கோளாக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது குரல் அல்ல, சாட்சியம். 2006 வன உரிமைச் சட்டத்தின் 13ஆம் விதி, பழைய நில ஆவணங்களில் உள்ளவரோடு தொடர்புகாட்டும் வம்சாவளியையும், மனுதாரரல்லாத மூத்தோர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலத்தையும் சான்றாகக் கொள்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கிராமசபை பார்க்கவேண்டும் என்கிறது. சட்டம் திறந்த கதவை நம் வாசிப்பு மூடக்கூடாது. பெயர்த்தெழுதும்போது ஒரு சுழியையும் விடாதீர்கள். ஐயமிருந்தால் இரண்டு பாடத்தையும் எழுதுங்கள். யார் படித்தது, யார் திருத்தியது என்று குறியுங்கள்.

நான் புதிய நகலில் ௸ஐ அப்படியே போட்டு, பக்கத்தில் விரித்தெழுதினேன். நிலப் பெயருக்கு நேரே இப்படி: 'காடு. எழுத்து வடிவில் கரடு எனவும் நிற்கும். உழுத குடும்பத்தார் வாசிப்பு: காடு.' ஆயாவின் வாக்குமூலம் தனித்தாளில், அவர் ஊரிலேயே வேறொரு பெரியவரின் வாக்குமூலத்தோடு. கீழே கையெழுத்து கேட்டபோது ஆயா விரலை நீட்டினார். மை பிடிக்க நேரமாயிற்று. வேலை செய்து தேய்ந்த விரல், ரேகை சரியாக விழவில்லை. மூன்றாவது முறைதான் படிக்கிற மாதிரி வந்தது.