கேள்விகளை எண்ணுவது எதற்கு?

தாம்பரத்தில் இருந்தாலும் எங்க மக்களவைத் தொகுதி ஸ்ரீபெரும்புதூர்தான். தேர்தல் வந்தால் 'எம்.பி. இத்தனை கேள்வி கேட்டார்' என்று ஒரு கணக்கு கண்ணில் படும். எந்தத் தொகுதிக்கும் அந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. ஏன்னு சொல்றேன்.

மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 முதல் 12 வரை. ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. குறியிட்டதற்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லணும். மற்றதற்கு எழுத்தில் தந்தால் போதும். பட்டியலில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான்.

அதில் புள்ளிவிவரம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் 'தகவல் திரட்டப்படுகிறது' என்று பதில் வந்தால் அப்போதே மடக்க முடியாது. வாய்மொழிப் பதில் என்றால் உடனே துணைக் கேள்வி கேட்கலாம். அமைச்சருக்குச் சிக்கலே அங்கேதான்.

முந்த்ரா நிறுவனங்களில் எல்ஐசி பணம் போட்ட விவகாரம் 1957இல் அவையில் ஒரு கேள்வியாகத்தான் எழுந்தது. ஃபெரோஸ் காந்தி விடாமல் துருவினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

2020 செப்டம்பரில் கொரோனாவைச் சொல்லி கேள்வி நேரத்தையே நீக்கினார்கள். எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. எண்ணிக்கைக் கணக்கில் அந்தக் கூட்டத்தொடரிலும் கேள்விகள் இருக்கும், எதிர்க்கேள்விதான் இருக்காது.

உங்க எம்.பி.யின் பக்கத்தைத் திறந்தால், எண்ணிக்கையோடு நிறுத்தாதீங்க. அவை நடவடிக்கைக் குறிப்பில் அவர் எழுந்து கேட்ட துணைக் கேள்வி ஒன்றையாவது தேடிப் படியுங்க.