நடுவில் எவருமில்லாத இணைப்பு

தொலைவிலுள்ள கிளைகளைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொது வலையமைப்பு வழியாக இணைப்பதற்கு 1990களில் பெருவழக்காயிருந்த முறை ஃபிரேம் ரிலே. தரவைச் சட்டகங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் தலைப்பிலும் டிஎல்சிஐ என்னும் 10 பிட் எண்ணை இட்டு அனுப்ப, இடையிலுள்ள சுவிட்சுகள் அவ்வெண்ணைப் பார்த்தே அதனை உரிய தடத்துக்கு மாற்றிவிடும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தையும், வாவிக்கு அப்பால் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையும், திருகோணமலை வளாகத்தையும் இம்முறையில் இணைப்பதாகக் கொண்டால், ஒவ்வோரிடத்துக்கும் ஒரு கம்பியே போதும். அதனுள் பல மெய்நிகர்ச் சுற்றுகள் ஓடும்.

எனினும் இம்முறையின் நுட்பம் முழுமையாக வெளிப்படுவது, இடைவலையமைப்பை அகற்றி, ஆய்வுகூட மேசையில் இரண்டு ரவுட்டர்களை ஒரே சீரியல் கேபிளால் நேரடியாகப் பிணைக்கும்போதுதான். சுவிட்ச் அதுவரை ஓசையின்றிச் செய்துவந்த மூன்று பணிகளுக்கும் அப்போது இரு முனைகளுமே பொறுப்பேற்க வேண்டும்.

முதலாவது காலம். கேபிளின் டிசிஈ நுனி செருகப்பட்ட ரவுட்டர், பிட்டுகள் செல்லவேண்டிய வேகத்தை, நொடிக்கு 64,000 என்பதுபோல, கடிகாரத் துடிப்பாக வழங்க, டிடிஈ நுனியிலுள்ளது அதனைப் பின்பற்றுகிறது. வடமோடியாயினும் தென்மோடியாயினும், அண்ணாவியாரின் மத்தளத்துக்கே கூத்தர் அடியெடுத்து வைப்பதைக் களரியில் கண்டோர்க்கு இவ்வேற்பாட்டின் ஒழுங்கு உடனே புலப்படும்.

இரண்டாவது எல்எம்ஐ எனப்படும் நலவிசாரிப்பு. வழக்கமாக ரவுட்டர் 10 நொடிக்கு ஒருமுறை நிலவரம் கேட்க, சுவிட்ச் விடையளிக்கும். நேரடி இணைப்பிலோ இரண்டும் கேட்பவையாகவே நிற்பதால், கம்பியில் குறையேதும் இல்லாதபோதும், இணைப்பு அற்றுவிட்டதென அவை சிறிது நேரத்தில் முடிவுசெய்கின்றன. தேர்ந்த கை இங்கு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. இரு பக்கமும் 'நோ கீப்அலைவ்' என்ற கட்டளையை இட்டு அக்கேள்வியையே நீக்கிவிடுகிறது. இப்பயிற்சியின் அழகு முழுவதும் இந்தச் சிக்கனத்தில் அடங்கியுள்ளது.

மூன்றாவது எண். பொது வலையமைப்பில் ஒரு முனைக்கு 101, மறுமுனைக்கு 202 என இருந்தாலும் சுவிட்ச் மாற்றித் தரும். இங்கு அதற்கு ஆளில்லாமையால் இருபுறமும் ஒரே எண் வேண்டும். மறுமுனையின் ஐபி முகவரியை அவ்வெண்ணோடு பிணைக்கும் ஒரு வரியும் சேர்ந்தால் தரவு பாயத் தொடங்குகிறது. அப்போது சிஸ்கோ ரவுட்டர் அச்சுற்றின் நிலையை 'ஆக்டிவ்' என்று காட்டாமல் 'ஸ்டாட்டிக்' என்றே காட்டுகிறது. சுற்று உயிருடன் உள்ளதென உறுதிகூற வெளியே எவருமில்லை, எழுதியவரின் சொல்லே ஆதாரம் என்பது அதன் பொருள்.

எம்பிஎல்எஸ், ஈதர்நெட் சேவைகள் வந்தபின் ஃபிரேம் ரிலே வழக்கொழிந்தபோதிலும், இப்பயிற்சியின் மதிப்பு குறையவில்லை. ஒரு நெறிமுறையில் எதை நீக்கினால் அது இயங்கும், எதை நீக்கினால் நின்றுவிடும் என்று பகுத்துச் சொல்ல வல்லவரே அதனை உண்மையில் கற்றவர். அந்தத் தேர்ச்சியை ஒரு கேபிளும் சில வரிக் கட்டளைகளும் கொண்டே அளிப்பதனால், இது ரசனைக்குரிய கைவினையாகிறது.