பதிவேட்டில் வாழும் முன்னோன்: பென்சில்வேனியக் குவேக்கர் ஆவணங்களும் குடும்ப வரலாறும்

தம் முன்னோரின் வாழ்க்கையைப் பழைய ஆவணங்களிலிருந்து மீட்டெழுதும் முயற்சி தனியோர் எழுத்து வகையாக வளர்ந்துள்ளது. 1976ஆம் ஆண்டில் அலெக்ஸ் ஹேலியின் 'றூட்ஸ்' வெளிவந்ததன் பின்னர் இதற்குப் பெருந்தொகையான வாசகர் கிடைத்தனர். எனினும், விமரிசகர் இதனைப் பொருட்படுத்தியது குறைவே. பென்சில்வேனியாவிலோ அதனையடுத்த மேற்கு நியூ ஜேர்சியிலோ குடியேறிய குவேக்கர் ஒருவரைத் தேடிச் செல்லும் வழித்தோன்றலின் கைக்கு எட்டும் ஆவணங்களை முன்வைத்து, இவ்வகை எழுத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தினர் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே தோன்றியவர்கள். அவர்கள் சத்தியஞ் செய்ய மறுத்தனர். ஆயுதம் ஏந்த மறுத்தனர். சம்பளம் பெறும் குருமாரையும் ஏற்கவில்லை. இதனால் அரசின் தண்டனைக்கு ஆளாயினர். 1681இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னன், தான் பட்டிருந்த கடனுக்கு ஈடாக வில்லியம் பென்னுக்கு வழங்கிய நிலப்பரப்பே பென்சில்வேனியா. மறுவருடம் பென் அங்கு சென்றடைந்தார். ஆங்கிலத் திருச்சபையின் கோயிற்பற்றுப் பதிவேட்டில் இடம்பெற விரும்பாத இம்மக்கள், தம் பதிவுகளைத் தாமே எழுதிக்கொண்டனர். பிறப்பு, இறப்பு, விவாகம், ஊர்விட்டு ஊர் சென்றமை ஆகிய யாவும் மாதக் கூட்டத்தின் ஏட்டிலே பதியப்பட்டன. விவாகச் சான்றிதழில் மணமக்கள் மட்டுமன்றி, அங்கு சாட்சிகளாய் இருந்த ஆண்களும் பெண்களும் ஒப்பமிட்டனர். இடம்பெயர்வோர் தமது நன்னடத்தை பற்றிய சான்றொன்றைப் புதிய ஊரின் கூட்டத்திற்கு எடுத்துச் சென்றனர். ஆரம்பகாலக் குவேக்கரின் புதைகுழிகளுக்குப் பெரும்பாலும் கல் நாட்டப்படவில்லை. கல்லிற் கிடைக்காத முன்னோன் ஏட்டிலே கிடைக்கிறான்.

இவ்வேடுகளை வாசிப்பதற்கும் பயிற்சி வேண்டும். மாதங்களின் பெயர்கள் அஞ்ஞானத் தெய்வங்களை நினைவூட்டுவன எனக் கருதிய குவேக்கர், எண்களாலேயே அவற்றைக் குறித்தனர். 1752க்கு முன்னர் அவர்களுக்கு முதலாம் மாதம் மார்ச்சாகும். ஆண்டுப் பிறப்போ மார்ச் 25ஆம் திகதி. எனவே 1699ஆம் ஆண்டு பன்னிரண்டாம் மாதம் என்று ஏட்டிற் காணப்படுவது, இன்றைய கணக்கில் 1700ஆம் ஆண்டு பெப்ருவரியாகும். இதனை அறியாது டிசெம்பர் என எழுதிவிட்ட குடும்ப வரலாறுகள் உண்டு. இது திருத்தக்கூடிய பிழை. பின்வருவது அத்தகையதன்று.

மாதக் கூட்டத்தின் ஏடு அங்கத்தவரின் ஒழுக்கத்தைக் கண்காணிப்பதற்காக எழுதப்பட்டது. குடித்தவர், கடன் தீர்க்காதவர், சங்கத்திற்குப் புறம்பே மணஞ்செய்தவர் அங்கே விசாரிக்கப்பட்டனர். ஆனால் அடிமையொருவரை வைத்திருத்தல் நெடுங்காலம் விசாரணைக்குரிய குற்றமாகவில்லை. பென்னும் அடிமைகளை உடையவராகவே இருந்தார். ஆகவே, கூட்டத்தின் ஏட்டை மட்டும் புரட்டும் வழித்தோன்றல் அப்பழுக்கற்ற முன்னோனையே சந்திக்கிறார். அதே மனிதர் இறந்தபின் நீதிமன்றுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட ஆதனப் பட்டியலை எடுத்தால், பசு, கட்டில், மண்வெட்டி ஆகியவற்றோடு மனிதரும் விலை குறிக்கப்பட்டிருக்கக் காணலாம். இரு ஏடுகளும் காட்டுவது ஒரே மனிதரையே. ஒன்றை மட்டும் வாசித்து எழுதப்படும் குடும்ப வரலாற்றை வரலாறென ஏற்பது கடினம்.

இவ்விடத்து ஜோன் வூல்மன் (1720–1772) நமக்குப் பேருதவி புரிகிறார். மேற்கு ஜேர்சியிற் பிறந்த இக்குவேக்கரின் தன்வரலாறு 1774இல் அச்சேறியது. மவுண்ட் ஹோலியில் கடையொன்றிற் பணிபுரிந்த இளமைக் காலத்தில், அவருடைய முதலாளி தம் அடிமைப் பெண்ணொருத்தியை விற்றபோது விற்பனைச் சீட்டை எழுதுமாறு அவரைப் பணித்தார். வாங்க வந்தவரும் சங்கத்தைச் சேர்ந்த முதியவர். வூல்மன் எழுதிக் கொடுத்தார். ஆயினும், அடிமை வைத்திருத்தல் கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாதென இருவர் முன்னிலையிலும் கூறினார். அச்சீட்டை மட்டும் காண்பவர் வூல்மனைப் பற்றி என்ன முடிவுக்கு வருவார்? அடிமை வியாபாரத்திற்குத் துணைநின்ற எழுத்தன் என்றே கொள்வார். எழுதிய கையின் நடுக்கம் சீட்டிலே பதிவாவதில்லை. மற்றொருபுறம், அந்த நடுக்கத்தை விரிவாய்ச் சொல்லும் தன்வரலாறும் விற்கப்பட்டவளின் பெயரைக் கூறாது விடுகிறது. மனச்சாட்சி வூல்மனுக்குரியது, கதையும் அவருக்குரியது. அவளுக்கு எஞ்சியது விலைபோன கணம் ஒன்றே. அவரைப் போற்றும் வாசகர் பலர் இதைக் கவனியாது கடந்து விடுகின்றனர்.

பின்னொருநாள் நோயுற்ற அயலவர் ஒருவரின் மரணசாதனத்தை எழுதியபோது, அடிமை பற்றிய பகுதியை மட்டும் வூல்மன் எழுதாது விட்டார், கூலியும் பெறவில்லை. இருவரும் பேசி, அவ்வடிமைக்கு விடுதலை அளிப்பதென உடன்பட்ட பின்னரே அது நிறைவுபெற்றது. முடிந்த பத்திரத்தில் விடுதலை மட்டுமே தெரியும். அதற்கு முன்னிருந்த மறுப்புத் தெரியாது.

சங்கமே தன் ஏட்டின் மௌனத்தைப் பேணியது என்பதற்கும் சான்றுண்டு. 1688இல் ஜேர்மன்டவுனைச் சேர்ந்த நால்வர் அடிமை முறையைக் கண்டித்து விண்ணப்பம் எழுதினர். மாதக் கூட்டம் அதனைக் காலாண்டுக் கூட்டத்திற்கும், அது ஆண்டுக் கூட்டத்திற்கும் அனுப்பியது. ஆண்டுக் கூட்டமோ தீர்ப்புக் கூறாது ஒதுக்கியது. அவ்விண்ணப்பம் மறக்கப்பட்டு 1844இலேயே மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. 1758இல், வூல்மனின் குரலும் ஒலித்த ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருப்போரைச் சந்தித்துப் பேச ஒரு குழுவை நியமித்தது. விடுவிக்க மறுப்போரை விலக்குவதெனத் தீர்மானித்தது 1776இலேயே. அக்காலத்தை ஒட்டி எழுதப்பட்ட விடுதலைப் பத்திரங்களிலே அடிமைகளின் பெயர்களும் வயதும் காணப்படுகின்றன. முன்னோனின் வீட்டில் யார் யார் வாழ்ந்தனர் என்பதை, அவர்கள் அவ்வீட்டை விட்டு நீங்கும் வேளையிலேயே நாம் அறிய நேர்கிறது.

காணி உறுதிகளின் நிலையும் இதுவே. குடியேறியவர் காணிக்கு விண்ணப்பித்து, கட்டளை பெற்று, அளப்பித்து, ஈற்றில் உரித்துப் பத்திரம் பெற்றார். ஒவ்வொரு படியிலும் காகிதம் எஞ்சியது. 1737இல் பென்னின் மைந்தரும் அவர்தம் முகவரான குவேக்கர் ஜேம்ஸ் லோகனும், 1686ஆம் ஆண்டினதெனக் கூறப்பட்ட பழைய உறுதியொன்றைக் காட்டி, ஒன்றரை நாளில் ஒரு மனிதன் நடந்து கடக்கும் தூரத்திற்கு லெனாப்பே மக்களின் நிலத்தைக் கோரினர். வேகமாய் நடக்கவல்ல மூவர் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். வழியும் முன்கூட்டியே துப்புரவாக்கப்பட்டது. எட்வர்ட் மார்ஷல் என்பவர் மட்டுமே இறுதிவரை நடந்தார். ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு கைமாறியது. அப்பகுதியில் அதன்பின் காணி பெற்றவரின் உரித்துப் பத்திரம் சட்டப்படி குறைவற்றது. எல்லையாக நின்ற ஓக் மரமும் கல்லும் அதிலே குறிக்கப்பட்டிருக்கும். அந்நிலத்தில் அதற்கு முன் பயிரிட்டவர்களை அறிய விரும்பும் வழித்தோன்றல், தன் குடும்பப் பத்திரங்களை வைத்துவிட்டு, லெனாப்பேத் தலைவர்கள் ஆளுநரிடம் செய்த முறைப்பாடுகளைத் தேடிச் செல்லல் வேண்டும்.