பழைய எச்.எம்.டி. வாட்ச்: ஓடுகிறதா என்பது கடைசிக் கேள்வி

பழைய சாவி வாட்ச் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "ஓடுதா?" என்பதைத்தான். விற்பவர் நாலு சுற்று சாவி கொடுத்துக் காதருகே பிடிப்பார். டிக்டிக் கேட்டதும் பேச்சு விலைக்குப் போய்விடும். எச்.எம்.டி. ஜனதா, பைலட் போன்ற வாட்சுகளைப் பொறுத்தவரை இந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. நின்றுபோன மெஷினைக் கழுவி எண்ணெய் போட்டு ஓடவைக்க இன்றைக்கும் ஆள் இருக்கிறார்கள். டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டால் பழைய டயலை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. திரும்பக் கிடைக்காததை முதலில் பார்க்க வேண்டும்; சரிசெய்யக்கூடியதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

இந்த வாட்சுகளின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பிறகு ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று ஆலைகள் வந்தன. ஜனதாவிலும் பைலட்டிலும் காணப்படும் 0231 மெஷின் ஒன்றேதான்: 17 கல், மணிக்கு 18,000 அதிர்வு, கையால் சாவி கொடுப்பது. உற்பத்திக்கும் பழுதுபார்ப்புக்கும் இது பெரிய வசதி. ஏமாற்றுகிறவருக்கும் அதே வசதி கிடைத்துவிட்டது. 2016-இல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தபின் இந்த வாட்சுகளைத் தேடுகிறவர்கள் பெருகினார்கள். கறுப்பு டயல் பைலட்டுக்குத் தனி மவுசு வந்தது. ஒரு ஜனதாவின் டயலையும் முள்களையும் மாற்றினால் 'பைலட்' தயார். "உள்ளே இருக்கிறது அசல் எச்.எம்.டி. மெஷின் சார்" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அந்த உண்மை, முகப்பில் எழுதியிருக்கும் பெயருக்குச் சாட்சி ஆகாது.

ஆகவே டயல். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். ஆலையில் அச்சான எழுத்துக்கு விளிம்பு கத்தரித்தாற்போல் இருக்கும், கோடுகளின் தடிமன் எங்கும் ஒன்றாக இருக்கும். மறுபடி அச்சடித்த டயலில் மை லேசாகக் கசிந்திருக்கும், பெயர் மையத்திலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி கூடிக் குறையும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வருகின்றனவா என்று பன்னிரண்டு இடத்திலும் பாருங்கள். அவசர வேலை அங்கேதான் பல்லிளிக்கும். தேதி ஜன்னல் உள்ள மாடலானால் ஜன்னலின் விளிம்பில் பெயின்ட் திரண்டிருக்கிறதா என்று பாருங்கள். டயலில் உள்ள சொற்களையும் படியுங்கள்: அதில் சொல்லியிருக்கும் கல் எண்ணிக்கையும் பின்மூடியைத் திறந்தால் மெஷினில் பொறித்திருக்கும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு, அதே மாடலின் நம்பகமான பழைய விளம்பரப் படத்தையோ பட்டியலையோ பக்கத்தில் வைத்து எழுத்தின் வடிவத்தை ஒப்பிடுங்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் டயல் இருந்து, அந்த நிறம் எந்தப் பழைய படத்திலும் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. பழுப்பேறியது எல்லாம் அசல், பளபளப்பது எல்லாம் போலி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. ஆலைகள் மூடிய பிறகும் விற்காமல் தங்கிய எச்.எம்.டி. வாட்சுகள் சந்தைக்கு வந்தன; யார் கையிலும் ஏறாத அசல் வாட்ச் உண்மையிலேயே உண்டு. மறுபக்கம், செயற்கையாகப் பழுப்பேற்றவும் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் நான் பார்ப்பது பழமையை அல்ல, பாகங்களின் வயது ஒத்துப்போகிறதா என்பதை. டயல் நேற்று வந்ததுபோல் மின்ன, பின்மூடியின் எழுத்து தேய்ந்து மறைந்திருந்தால், இரண்டும் ஒரே வாட்சில் வாழவில்லை. இருட்டில் ஒளிரும் பூச்சுள்ள மாடல்களில் இந்தச் சோதனை இன்னும் தெளிவாக வேலை செய்யும். எண்களில் இருக்கும் பூச்சும் முள்களில் இருக்கும் பூச்சும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் மங்கியிருக்க வேண்டும். பழைய சுவிஸ் வாட்சுகளின் பூச்சுக்கு அறிவியலே ஒரு சோதனை தருகிறது: அவற்றை ஒளிரவைத்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். எழுபதுகளில் பூசியதாகச் சொல்லும் டிரிட்டியம் இன்று இரவு முழுக்கப் பிரகாசித்தால் அது பிற்காலத்தில் பூசியது. பழுப்பிலும் வகை உண்டு. மேல் பூச்சு சீராக மஞ்சளித்திருந்தால் அது வயது. ஓரத்திலிருந்து திட்டுத்திட்டாக உப்பிக் கறுத்திருந்தால் அது தண்ணீர். டயலுக்குக் கீழே இரும்புப் பாகங்களும் துருப்பிடித்திருக்கலாம்.

கேஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டை மாட்டும் கொம்புகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மெருகு போட்டு மழுங்கடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். குரோம் முலாம் பூசிய கேஸானால் வியர்வை அரித்த குழிகள் பின்பக்கத்தில் இருக்கும். பிளாஸ்டிக் கண்ணாடியில் உள்ள கீறலைக் கண்டு பயப்பட வேண்டாம். மெருகுப் பசை தேய்த்தால் போய்விடும், மாற்றினாலும் குற்றமில்லை.

மெஷினுக்கு இப்போதுதான் முறை. பின்மூடியைத் திறக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் கைப்பழக்கம் இல்லாதவர் கைவைத்திருக்கிறார் என்று அர்த்தம். சாவித் தண்டைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. ஓட்டத்தை அளக்க, டிக் ஒலியைக் கேட்டுக் கணக்கிடும் டைம்கிராபர் கருவி உண்டு. கைபேசி மைக்கில் அதையே செய்யும் செயலிகளும் வந்துவிட்டன. அமைதியான அறையில், சாவி கொடுக்கும் குமிழை (கிரவுன்) மைக்கோடு ஒட்டிவைத்தால் ஒரு நாளில் எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்பதை இவை ஓரளவு நன்றாகவே காட்டுகின்றன. பேலன்ஸ் சக்கரம் எத்தனை பாகை வீசுகிறது என்ற எண்ணை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. அந்தக் கணக்கு 'லிஃப்ட் ஆங்கிள்' என்ற அளவைச் சார்ந்தது; செயலி பொதுவாக 52 பாகை என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் மெஷினுக்கு அது பொருந்தாமல் போகலாம். முழுச் சாவி கொடுத்துப் படுக்கவைத்த நிலையில் 270 பாகையை ஒட்டி வந்தால் ஆரோக்கியம். 200-க்கும் கீழே என்றால் சர்வீஸ் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். திடீரென்று பல நிமிடங்கள் முந்தி ஓடும் வாட்ச் காந்தம் ஏறியதாக இருக்கக்கூடும். காந்தம் நீக்குவது சிறிய வேலை. நின்ற வாட்சை நான் ஒதுக்காததற்கும் காரணம், மெஷின் கோளாறுகள் பலவும் இப்படிச் சரிசெய்யக்கூடியவை என்பதே.

"கட்டிக்கொள்ளத்தானே வாங்குகிறேன், டயல் அசலாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் ரசனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மறு அச்சு என்று தெரிந்து, அதற்குரிய விலையில் வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இந்தச் சந்தையில் மறு அச்சு அசலின் விலைக்கே போகிறது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. புது டயல் பல நேரங்களில் பழைய டயலைச் சுரண்டித்தான் பிறக்கிறது. ஒவ்வொரு வண்ண டயலுக்கும் வாங்க ஆள் இருக்கும்வரை, இனி திரும்பக் கிடைக்காத ஒரு பழைய ஜனதா டயல் அழிந்துகொண்டே இருக்கும். சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயர் வைத்து ஒதுக்கும் சீகோ 5 வாட்சுகளும் இப்படிப் பூசி எடுத்தவைதான்.

என் தீர்ப்பு: லேசாக மஞ்சளித்த டயலோடு, நின்றுபோயிருந்தாலும், பாகங்கள் எல்லாம் ஒத்துப்போகும் ஜனதா கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பைலட்டை, பின்மூடி திறந்த படமும் டயலின் நெருக்கப் படமும் பார்க்காமல் வாங்க வேண்டாம். வீட்டு அலமாரியில் தாத்தாவின் எச்.எம்.டி. கிடந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள்; கொடுக்கும்போது, "மெஷினை மட்டும் பாருங்க, டயலில் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.