எடப்புளி நாட்டுப் பன்னும் வடையும்

சாப்பாட்டை விமர்சனம் செய்வது நாவலை விமர்சனம் செய்வதைவிடச் சிரமமான காரியம். நாவல் நன்றாயில்லை என்று எழுதினால் அதை எழுதியவர் ஒருவருக்குத்தான் கோபம் வரும். சாப்பாடு நன்றாயில்லை என்று எழுதினால் ஓர் ஊருக்கே கோபம் வந்துவிடும். அதிலும் சிறு வயதில் தாம் போய் உட்கார்ந்த கடையை யாராவது குறை சொல்லிவிட்டால், பெற்ற தாயைக் குறை சொன்னதுபோல் சிலருக்கு முகம் சிவந்துவிடுகிறது. "அந்தக் காலத்து டிகிரி காப்பி இப்போது எங்கே ஸார் கிடைக்கிறது?" என்று ஆரம்பிப்பவரிடம் ருசியைப் பற்றி விவாதித்துப் பயனில்லை. அவர் பேசுவது காப்பியைப் பற்றியல்ல; தமக்கு இருபது வயதாயிருந்ததைப் பற்றி.

ஆகவே, ஓர் ஊரின் சிற்றுண்டியை நல்லது என்று சொல்ல நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். அந்த மண்ணில் விளைந்தது அதில் இருக்கிறதா? அந்த ஊர்க்காரர்கள் அதைச் சாப்பிடுகிறார்களா? சாப்பிட்டபின் கால் மணி நேரம் உட்கார்ந்து பேச இடம் உண்டா? ருசியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ருசியில்லாத பண்டத்தை உள்ளூர்க்காரர்கள் இரண்டு நாளைக்குமேல் வாங்கமாட்டார்கள்.

இந்தக் கேள்விகளை முதலில் பர்கரிடம் கேட்டுப் பார்க்கலாம். 1948-இல் கலிபோர்னியாவில் மெக்டொனால்டு சகோதரர்கள் தங்கள் கடையைத் திருத்தி அமைத்தார்கள். காருக்கே தட்டு கொண்டுவரும் பரிசாரகப் பெண்களை நிறுத்தினார்கள். பண்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஜன்னலில் வந்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். வேகம்தான் அங்கே சரக்கு. ரொட்டியும் இறைச்சியும் அதைச் சுற்றிக் கொடுக்கும் காகிதம். அந்தக் கம்பெனி 1996-இல் டில்லியில் தன் முதல் கடையைத் திறந்தபோது மாட்டிறைச்சியை விட்டுவிட்டது, வேகத்தை விடவில்லை.

நம்மவர்கள் செய்ததைப் பாருங்கள். காரிலிருந்தபடியே சாப்பிடும் அதே அமெரிக்க ஏற்பாடு 1962-இல் சென்னை கதீட்ரல் சாலைக்கு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் என்ற பெயரில் வந்து சேர்ந்தது. அதை நாம் ஊர்ச் சாவடியாக மாற்றிவிட்டோம். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு அரை நாள் கதை பேசியவர்கள் அங்கே உண்டு. அந்த ஹோட்டல் 2008-இல் மூடப்பட்டது. 2010-இல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பூங்காவில் யாரும், "இன்னும் ஒரு காப்பி சொல்லட்டுமா?" என்று கேட்பதில்லை.

பழைய ஹோட்டல்களை நினைத்து உருகுகிறவர்கள் இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957-இல் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் ஒரு சாராருக்குத் தனித் தம்ளர் வைத்திருந்த வெட்கக்கேடும் நம்முடையதுதான். நாம் சாய்ந்து உட்கார்ந்து சுகமாகப் பேசிய பெஞ்சிக்கு வெளியே யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "உட்கார இடம் உண்டா?" என்ற கேள்வியோடு, "யாருக்கு?" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இப்போது கொல்லிமலைக்கு வருகிறேன். இந்த மலைச் சாப்பாட்டைப் புகழ்வதில் முன்னோடி நான் அல்ல, வன்பரணர். வில் வேட்டுவன் ஒருவனைக் கண்டு பாடிய பாணர் கூட்டத்துக்கு மான் கறியும், உருக்கிய நெய் போன்ற தேறலும், அந்த மலையிலேயே பிறந்த பொன்னும் கிடைத்த கதையை அவர் புறநானூற்றில் சொல்லியிருக்கிறார். அந்த வேட்டுவன்தான் வல்வில் ஓரி. நம் மூன்று கேள்விகளுக்கும் ஓரியின் விருந்து பதில் சொல்லிவிடுகிறது. மலையில் கிடைத்தது, கொடுத்தவனும் உண்பது, உட்காரவைத்துக் கொடுத்தது.

இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வருகிறவருக்கு முதலில் எதிர்ப்படுவது முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது. மேலெல்லாம் ரோமம் அடர்ந்து ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். குளிருக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் நின்று அதைக் குடிப்பவர்களில் பெரும்பாலோர் கீழேயிருந்து வந்தவர்கள். முதல் கேள்வியில் தேறி, இரண்டாவதில் தடுமாறுகிற பண்டம் அது.

மலையின் 14 நாடுகளில் எடப்புளி நாடும் ஒன்று. அங்கே சுற்றுலாக் கூட்டத்தின் சத்தம் எட்டாத ஒரு டீக்கடையில், பையன்கள் இருவர், "அக்கா, ரெண்டு பர்கர்!" என்று குரல் கொடுத்ததைக் கேட்டுத் திரும்பினேன். கடைக்கார அம்மாள் ஒரு பன்னை இரண்டாகப் பிளந்தாள். மரவள்ளிக் கிழங்கைத் துருவிச் சுட்ட வடை ஒன்றைச் சூடாக உள்ளே வைத்தாள். தக்காளிச் சட்னி ஒரு கரண்டி ஊற்றி, அழுத்தி, காகிதத்தில் வைத்துக் கொடுத்தாள். நானும் ஒன்று வாங்கினேன்.

வடையின் விளிம்பு மொறுமொறு. உள்ளே மெத்தென்று சற்று இழுக்கிறது. சட்னியின் காரம் பன்னில் ஊறி, கடைசி வாயில்தான் முழுசாக நாக்குக்கு வருகிறது. குறை பன்னில் இருக்கிறது. கீழே பேக்கரியிலிருந்து வரும் அதன் தித்திப்பு மிளகாயோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ஜீப் டிரைவரும், மிளகு பறித்துவிட்டு வந்த கூலியாளும், அந்தப் பையன்களும், நானும் ஒரே பெஞ்சியில், ஒரே மாதிரித் தம்ளரில் டீ குடித்துக்கொண்டு பேசினோம். நான் சாப்பிட்ட நல்ல பர்கர் இதுதான் என்பது என் தீர்ப்பு.

"மரவள்ளி மட்டும் மலைக்குச் சொந்தமா?" என்று வாசகர் கேட்கலாம். இல்லைதான். அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலக யுத்தத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்தது. பின்னால் கிழங்கு மலைமேலும் ஏறியது. மிளகாயே கப்பலில் வந்ததுதான். ஆகையால் பண்டத்தின் பூர்வீகத்தை நான் விசாரிப்பதில்லை. விளைவித்தவன் அதை உண்கிறானா என்று மட்டும் பார்க்கிறேன். லாரி லாரியாக ஆலைக்கு இறங்கும் கிழங்கில் நாலைந்து கடைச் சட்டியில் விழுந்து வடையாகிறதே, அந்த நாலைந்துதான் மலைக்குச் சொந்தம்.

ஆனால் அந்தக் கிழங்கு யார் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் விமர்சனம் பூர்த்தியாகாது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் அவை. "சாமைச் சோறு கிடைக்குமாம்மா?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"சாமையா சார்? வீட்ல நோம்பி நாள்ல ஆக்கறது. கடையில யாரு கேக்கறாங்க? அதை யாரு குத்திப் புடைக்கறது?"

இந்த இரண்டு வாக்கியத்தில் விஷயம் முழுவதும் இருக்கிறது. சாமையின் உமி லேசில் விடாது. அதை உரலில் குத்திப் புடைப்பது பெண்களின் தோளை வாங்கும் வேலை. கிழங்குக்கு அந்தப் பாடில்லை. கையில் காசும் வருகிறது. காசு வேண்டிய குடியானவனை இதற்காகக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் வேலை செய்து, பெண்கள் குழுக்களிடம் உமி நீக்கும் இயந்திரங்களைக் கொடுத்தது நியாயமான காரியம். உலக்கையை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைக் கொடுத்த பிறகுதான் சாமையின் பெருமையைப் பேசலாம். ஐ. நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. பட்டணத்துக் கடைகளில் சாமை இன்று அரிசியைவிட அதிக விலைக்குப் பொட்டலத்தில் நிற்கிறது. பொட்டலம் விற்றால் நல்லதுதான். ஆனால் விதை பொட்டலத்தில் பிழைக்காது. வருஷா வருஷம் மண்ணில் விழுந்தால்தான் பிழைக்கும். விளைகிற இடத்திலேயே அதற்கு ஒரு சட்டியும் ஒரு பெஞ்சியும் வேண்டும்.

அருவிக்கும் அறப்பளீஸ்வரருக்கும் என்று மலை ஏறுகிறவர்கள், ஃப்ரைட் ரைஸுக்குச் சொல்லுமுன் அந்த ஊர்க் கடையில், "சாமைச் சோறு உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இல்லை என்றுதான் பதில் வரும். பத்துப் பேர் கேட்டு அந்தப் பதிலோடு திரும்பினால், பதினோராவது ஆளுக்காக அந்த அம்மாள் உலை வைத்துவிடுவாள். வியாபாரம் தெரிந்தவள், பன்னுக்குள் வடை வைத்தவள் அல்லவா?