நீல வேளையும் ஹீட்டர் அறையும்

குளிர்காலத்துக்கு இனிப்பான பவுடர் வாசனைதான் சரி என்று சென்ட் பிரியர்கள் அடித்துச் சொல்வார்கள். அந்தப் பேச்சில் தவறாமல் வரும் பெயர் கெர்லான் நிறுவனத்தின் 'லெர் ப்ளூ'. 1912-இல் பாரிஸில் ஜாக் கெர்லான் உருவாக்கியது. 'நீல வேளை' என்று பொருள். வெயில் இறங்கி இருட்டு ஏறுவதற்கு இடையில் வரும் கொஞ்ச நேரம்.

அடித்ததும் இனிப்பு வராது. முதலில் சோம்பு, மருந்துக்கடையின் நெடியோடு. அடுத்து கார்னேஷன் பூவின் கிராம்புக் காரம். அதெல்லாம் அடங்கிய பிறகுதான் பவுடர். இது சும்மா சொல்லும் உவமை இல்லை: இந்த மணத்தைத் தரும் ஐரிஸின் காய்ந்த கிழங்கை மாவாக்கி ஒரு காலத்தில் முகப்பவுடரிலேயே கலந்தார்கள். கூடவே ஹீலியோட்ரோபின், வாதுமையையும் வனிலாவையும் சேர்த்து அரைத்த மாதிரி மணம். நம்மவர் மூக்குக்கு உடனே குட்டிக்கூரா பவுடர் டப்பா ஞாபகம் வரும். வரட்டும், அது குறையல்ல.

எலுமிச்சை வகைகள் சீக்கிரம் பறந்துவிடும். இதிலுள்ள வனிலா மணத்தைத் தரும் வனிலின் தோலை விட்டு லேசில் கிளம்பாது. குளிர் அதை இன்னும் இழுத்துப் பிடிக்கும். பாரிஸில் ஒரு ஜனவரி மாலை, 2 டிகிரி குளிரில் நடந்தபோது அந்த இனிப்பு மூச்சுக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்ததோடு சரி. அவ்வளவு நாசூக்கு.

மெட்ரோவில் ஏறினேன். கூட்டம், கோட்டுக்குள் புழுக்கம். ஐந்து நிமிடத்தில் என் கழுத்தே பாதாம் அல்வாக் கடையாகிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்மணி மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டார். குளிர்கால சென்ட் என்று புகழ்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: குளிர் தேசத்துக்காரர் குளிர்காலத்தில் பெரும்பாலும் இருப்பது சூடேற்றிய அறைக்குள். அதே நிறுவனத்தின் 1925-ஆம் ஆண்டு 'ஷாலிமார்' இந்த இடத்தில் தப்பிக்கிறது. அதன் புகை நெடி வனிலாவைக் கடைசிவரை தட்டிவைக்கும். லெர் ப்ளூவில் அந்த வேலையைச் செய்ய வேண்டிய சோம்பு, இனிப்பு ஏறும் நேரத்தில் ஆளே இருக்காது.

ஆகவே அலுவலகத்துக்கு வேண்டாம். சாயங்கால நடைக்கு இதைவிட நல்லதை நான் போட்டதில்லை, வாங்கலாம். ஒரே ஒரு அழுத்து, அதுவும் தோலில் அல்ல, மஃப்ளரில். உள்ளே நுழைந்ததும் கழற்றிக் கோட்டோடு மாட்டிவிடலாம். வெள்ளை மஃப்ளர் மட்டும் வேண்டாம், கறை விழலாம்.